படுக்க வைக்காதீர்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, கழுத்தில் தைராய்டு சுரப்பி வீங்கிக் கட்டியாக இருப்பது எங்கள் தெருவுக்கே தெரியும். நான் கல்யாணமாகி குடியாத்தம் வந்தபோது முந்தானையை இழுத்து மூடினால் மறைந்துவிடும் அளவில்தான் இருந்தது. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுவார். கட்டியைப் பற்றிக் கேட்டால், "அது பாட்டுக்கு அது கீது, என் பாட்டுக்கு நான் கீறேன்" என்பார். வலி இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் தைராய்டு டெஸ்ட் எடுப்போம், அதில் டி.எஸ்.எச். என்கிற ஹார்மோன் அளவு நார்மல் என்று வரும், எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவோம். அந்த டெஸ்ட் சுரப்பி சரியாகச் சுரக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். கட்டி எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் வளர்கிறது, மூச்சுக் குழாயை நெருக்குகிறதா என்பதையெல்லாம் சொல்லாது. இதை எனக்கு விளக்கிச் சொன்னது ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு ஜூனியர் டாக்டர். அதுவரை நார்மல் என்ற ஒரு வார்த்தையை நம்பியே வருஷங்கள் போயிருக்கின்றன.

பொங்கலுக்குப் பிறகு சில மாற்றங்கள் வந்தன. தலையணை ஒன்று போதாமல் இரண்டானது, அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார். சோறு இறங்கவில்லை என்று ரசத்தில் கரைத்துக் குடித்தார். குரல் கொஞ்சம் கரகரத்தது. மாடியில் துணி காயப்போடக் கையைத் தூக்கினால் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். வயசாகிறது, பீடித்தூள் நெடி வேறு என்று பேசிக்கொண்டோம். இரண்டு கைகளையும் தலைக்கு மேல், காதோடு ஒட்டித் தூக்கி ஒரு நிமிஷம் வைத்திருக்கும்போது முகம் சிவந்து மூச்சு திணறினால், கட்டி மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கியிருக்கலாம் என்று அர்த்தமாம். இதற்குப் பெம்பர்ட்டன் அடையாளம் என்று பெயர். 1946-லேயே அந்தப் பெயர்கொண்ட டாக்டர் இதை எழுதி வைத்துவிட்டார். எங்கள் வீட்டு மாடியில் வாரத்துக்கு இரண்டு முறை அது நடந்துகொண்டிருந்தது.

பக்கத்து கிளினிக்கில் ஆஸ்துமா என்றார்கள். இன்ஹேலர், நெபுலைசர், நெஞ்சு எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., வாராவாரம் ஊசி என்று பதினெட்டாயிரம் ரூபாய் போனது. கொஞ்சமும் குறையவில்லை. கட்டியில் சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பூசு என்று சொன்னவர்களும் உண்டு, பூசிய இடத்தில் தோல் வெந்ததுதான் மிச்சம். இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஆஸ்துமாவில் விசில் சத்தம் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது, நெஞ்சிலிருந்து வரும். கழுத்தில் வழி நெருங்கிப்போனால் மூச்சை உள்ளே இழுக்கும்போது, தொண்டையிலிருந்து வரும். அத்தைக்கு இழுக்கும்போதுதான் சத்தம். பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்கே கேட்கும். உங்கள் வீட்டில் கழுத்துக் கட்டியோடு யாராவது இருந்து இப்படி ஒரு சத்தம் கேட்டால், அதைப் போனில் பதிவு செய்து டாக்டரிடம் போட்டுக் காட்டுங்கள். பகலில் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சத்தம் பாதி நேரம் வருவதே இல்லை.

விஷயம் முற்றியது கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு முந்தின ராத்திரி. வைகாசி முதல் தேதி சிரசு என்றால் எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் இருக்கும் கோபாலபுரத்தில் கால் வைக்க இடம் இல்லை, பாதி சாலைகளை அடைத்து வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலத்திலிருந்தே கட்டி ஒரு பக்கம் இறுகி, வலிக்கிறது என்றார் அத்தை. பதினொரு மணிக்குமேல் கட்டில் ஓரத்தில் இரண்டு கைகளையும் ஊன்றி, தலையை முன்னால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு முறை மூச்சு இழுக்கும்போதும் காறையெலும்புக்கு மேலே குழி விழுந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் நானும் என் பையனும்தான், அவன் ஏழாவது படிக்கிறான். 108-க்குப் போட்டேன். கூட்டத்தைத் தாண்டி வர நேரம் ஆகும், முடிந்தால் மெயின் ரோட்டுக்கு வாருங்கள் என்றார்கள். பையனை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, அவர் தம்பியின் ஆட்டோவில் ஏறினோம். பட்டாசுச் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. பயத்தில், கிடைத்த முதல் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

அது சின்ன தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். இரவு டியூட்டிக்கு ஒரு இளம் டாக்டர் மட்டும் இருந்தார். விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 95. "சேச்சுரேஷன் நல்லாத்தான் இருக்கு, வீசிங்தான்" என்று நெபுலைசர் வைத்தார்கள். இந்த எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று சத்தம் போட்டுச் சொல்லத் தோன்றுகிறது. வழி குறுகிப் போனாலும், உடம்பு தம் கட்டி இழுக்கிறவரை ஆக்சிஜன் அளவு நன்றாகவே காட்டும். இழுக்கும் பலம் தீரும்போதுதான் அது சரியும், சரிய ஆரம்பித்தால் கொஞ்ச நேரம்கூட மிஞ்சாது. எண்ணைவிட ஆளைப் பார்க்க வேண்டும்: பேச முடிகிறதா, படுக்க முடிகிறதா, கழுத்துக் குழி உள்ளே இழுக்கிறதா.

ஈ.சி.ஜி. எடுக்கப் படுக்கச் சொன்னார்கள். படுக்க மாட்டேன் என்று அத்தை கையை ஆட்டினார். "ரெண்டு நிமிஷம்தான் பாட்டி" என்று இரண்டு பேர் பிடித்துச் சாய்த்தார்கள். சத்தம் நின்றது. மூச்சே நின்றுவிட்டது என்பது எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. உதடு நீலமானது. நான் கத்தியதில் அவர்களே பதறித் தூக்கி உட்கார வைத்தார்கள், மறுபடி அந்தச் சத்தம் வந்தது. அந்த விகாரமான சத்தம் திரும்பக் கேட்டதில் எனக்கு உயிர் வந்தது. அதற்கப்புறமும், பயத்தில்தான் இப்படிப் பதறுகிறார், தூங்க ஒரு ஊசி போட்டால் அடங்குவார், அப்புறம் கழுத்து சி.டி. ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று பேச்சு போனது. ஊசியை நிறுத்தியது அங்கிருந்த வயதான ஒரு சிஸ்டர். "சார், கட்டியைப் பாருங்க. தூங்க வெச்சு மூச்சு நின்னா, தொண்டைக்குள்ள டியூப் போட நம்மகிட்ட ஆள் இல்ல. வேலூர் அனுப்பிடுங்க" என்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. பில் பன்னிரண்டாயிரம்.

அந்த சிஸ்டர் சொன்னதுதான் இந்த விஷயத்தில் எல்லாம். டாக்டர் இருக்கிறாரா, ஐ.சி.யூ. இருக்கிறதா என்றுதான் நாம் கேட்கிறோம். கழுத்துக் கட்டி மூச்சை அடைக்கும்போது கேட்க வேண்டியது வேறு: இந்த ராத்திரியில் மயக்க டாக்டர் ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறாரா, காது மூக்கு தொண்டை சர்ஜனோ கழுத்தில் கத்தி வைக்கத் தெரிந்த வேறு சர்ஜனோ இருக்கிறாரா, தியேட்டர் திறந்திருக்கிறதா. மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வராத இடத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்க வேண்டாம். எங்கள் பக்கம் இதற்குப் பஞ்சமில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சி.எம்.சி.யும் வேலூருக்குள் இருப்பதோடு, நெடுஞ்சாலையை ஒட்டி ராணிப்பேட்டை வளாகத்தையும் 2022-ல் திறந்துவிட்டார்கள். இரவு எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பதைப் பகலிலேயே போன் போட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நடு ராத்திரியில் ஊருக்குள் சுற்றக் கூடாது.

தனியார் ஆம்புலன்ஸ் நாலாயிரத்து ஐந்நூறு கேட்டது, கொடுத்தேன். டிரைவர் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து பெல்ட் போட வந்தார். இந்த முறை நான் விடவில்லை. தலைப்பக்கத்தை முழுக்க நிமிர்த்தி, உட்கார்ந்த நிலையிலேயே பெல்ட் போட வைத்தேன். நோயாளி தானாக எப்படி உட்காருகிறாரோ அதுதான் அவருக்கு வழி திறந்திருக்கும் நிலை. அதை யாருக்காகவும் மாற்ற விடாதீர்கள். கிளம்பும்போதே அந்த சிஸ்டர் வேலூர் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, கழுத்தில் பெரிய கட்டி, படுக்க முடியவில்லை, இழுக்கும்போது சத்தம் வருகிறது என்று சொல்லிவிட்டார். பள்ளிகொண்டா வந்து நெடுஞ்சாலையில் ஏறியதும் வண்டி பறந்தது. சுங்கச்சாவடி விளக்கில் அத்தை முகத்தைப் பார்த்தேன். கண் சொருகியது. தூங்குகிறார் போல என்றார் டிரைவரின் உதவியாள். களைத்துப்போய்க் கண் சொருகுவது தூக்கம் இல்லை, இழுக்கும் பலம் தீர்வதன் அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனாலும் என்னவோ தோன்றி, பேசிக்கொண்டே, கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனேன்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். போனில் சொன்ன ஒரு வாக்கியம் அவ்வளவு வேலை செய்திருந்தது. யாரும் படுக்கச் சொல்லவில்லை, ஸ்கேனைப் பற்றிப் பேசவில்லை. ஆக்சிஜன் வைத்து, அட்ரினலின் மருந்தை நெபுலைசரில் கொடுத்து, வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இதெல்லாம் கொஞ்ச நேரத்தைச் சம்பாதித்துக் கொடுக்கும், அவ்வளவுதான், வழியைத் திறக்காது என்று மயக்க டாக்டரம்மா சொன்னார். நேராக ஆபரேஷன் தியேட்டருக்கு.

வாசலில் நின்றபடியே அவர் எனக்கு விளக்கியதை, முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். மயக்க ஊசி போட்டால் தொண்டைத் தசையெல்லாம் தளர்ந்துவிடும். இப்போது உங்கள் அத்தை தன் முயற்சியில்தான் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறார். அவரைத் தூங்க வைத்துவிட்டு நான் குழாய் போட முடியாமல் போனால், மாஸ்க் வைத்துக் காற்று தள்ளினாலும் போகாமல் போகலாம். அதனால் விழித்திருக்கும்போதே, உட்கார வைத்தபடி, மரத்துப்போகும் மருந்தை மூக்கிலும் தொண்டையிலும் அடித்துவிட்டு, கேமரா உள்ள மெல்லிய ஃபைபர் ஆப்டிக் குழாயை மூக்கு வழியாக விடுவோம். அது மூச்சுக் குழாய்க்குள் போனதைக் கண்ணால் பார்த்த பிறகு, அதன் மேலாகவே மூச்சு விடுவதற்கான பிளாஸ்டிக் குழாயை இறக்குவோம். மயக்கம் அதற்குப் பிறகுதான். அது நடக்காவிட்டால் கழுத்தில் துளை போட வேண்டும், அதற்கு சர்ஜன் கையுறை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார். ஆனால் துளை போட வேண்டிய இடத்தின் மேலேதான் கட்டி உட்கார்ந்திருக்கிறது, ரத்தமும் அதிகம் வரும், மற்றவர்களுக்குப் போடுவதுபோல் சுலபம் இல்லை. இரண்டும் தோற்றால் உயிர் போகலாம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கையெழுத்து கேட்டார்கள். மகன் வர வேண்டுமா என்று கேட்டேன், கூட இருப்பவர் நீங்கள்தானே, போதும் என்றார்கள். வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டேன், அவர் எடுத்ததும் அழ ஆரம்பித்தார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. அழுவதற்கு எனக்கும் ஆசைதான், பேனாவைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? கட் செய்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

குழாய் உள்ளே போய்விட்டது. வழக்கமானதைவிடச் சின்ன அளவுக் குழாய்தான் போட முடிந்தது என்று வெளியே வந்து சொன்னார்கள். பின்னாளில் அத்தையிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டாப்பல இருந்திச்சு. ஆனா அந்தப் பொண்ணு என் கையப் புடிச்சிக்கினு, இப்ப இருமல் வரும், இப்ப கசக்கும்னு ஒண்ணொண்ணா சொல்லினே இருந்திச்சு" என்றார். உங்கள் வீட்டில் யாருக்காவது இது நடக்கப்போகிறது என்றால், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: விழித்திருக்கும்போதே செய்வார்கள், அது அலட்சியம் இல்லை, அதுதான் பாதுகாப்பு. கையைத் தட்டிவிடாமல் டாக்டர் சொல்கிறபடி மூச்சு விட்டால் போதும்.

ஸ்கேன் அதற்கப்புறம்தான் எடுத்தார்கள். கட்டிக்குள் ரத்தம் கசிந்து திடீரென்று வீங்கியிருந்தது, பாதிக்கு மேல் மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கி மூச்சுக் குழாயை ஒரு கீற்றாக நெருக்கியிருந்தது. வழியின் அகலம் பாதியானால் உள்ளே போகும் காற்றும் பாதியாகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கணக்குப்படி பதினாறில் ஒரு பங்காகிவிடுமாம். கடைசி சில நாட்களில் எல்லாம் ஏன் அவ்வளவு வேகமாக மோசமானது என்பது அப்போது புரிந்தது. தைராய்டு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை என்று பயாப்சி வந்தது. ஆபரேஷன் முடிந்தும் குழாயை உடனே எடுக்கவில்லை. குழாயைச் சுற்றியிருக்கும் பலூனைத் தளர்த்தி, பக்கவாட்டில் காற்று கசிகிறதா என்று பார்த்து, பகல் நேரத்தில், எல்லோரும் இருக்கும்போதுதான் எடுத்தார்கள்.

ஆம்பூரிலிருந்து நாத்தனார் வந்து சேர்ந்தாள். "இன்னாத்துக்கு அண்ணி அவசரப்பட்டு ஆப்ரேசனுக்கு ஒத்துக்கினீங்க, இத்தினி வருசமா சும்மாத்தானே இருந்திச்சு" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. ஸ்கேன் படத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

வார்டுக்கு வந்தபின் கூட இருப்பவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. படுக்கைப் பக்கத்திலேயே தையல் பிரிக்கும் கத்தரி ஒன்று வைத்திருந்தார்கள். கழுத்து இறுகுகிறது என்று சொன்னாலோ, கட்டு ரத்தத்தில் நனைந்தாலோ, ஆள் நிலைகொள்ளாமல் தவித்தாலோ உடனே கூப்பிடு, உள்ளே ரத்தம் தேங்கினால் தியேட்டருக்குக்கூடக் காத்திருக்காமல் இங்கேயே தையலைப் பிரிப்போம் என்று சிஸ்டர் சொன்னார். நல்லவேளை, தேவைப்படவில்லை. அடுத்து, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வந்தால் ரத்தத்தில் கால்சியம் அளவு இறங்குகிறது என்று அர்த்தம். அத்தைக்கு வந்தது, கை விரல்கள் மடங்கி இழுத்துக்கொண்டன, ஊசி போட்டதும் சரியானது. குரல் சில வாரங்கள் காற்றாகவே வந்தது.

பக்கத்துப் படுக்கையில் வாணியம்பாடிக்காரர் ஒருவர், தொண்டைப் புற்றுநோய், கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். அவர் மனைவியிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய. உள்குழாயை அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும், சளி காய்ந்து அடைத்தால் அதுவே ஆளைக் கொல்லும். சளி உறிஞ்சும் மெஷின் இல்லாமல் வீட்டுக்குப் போகக் கூடாது, கரண்ட் போனால் என்ன வழி என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாற்றுக் குழாய் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில். குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகக் கூடாது. பேச முடியாது, அதனால் கட்டிலில் ஒரு மணி. அவசரத்தில் ஆம்புலன்ஸ் ஆட்கள் பழக்கத்தில் மூக்கில் மாஸ்க் வைப்பார்கள், ஆக்சிஜனைக் கழுத்துத் துளையிலும் வை என்று நாம் சொல்ல வேண்டியிருக்கும். அந்த அம்மா இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதிக் கணவர் சட்டைப் பையில் வைத்திருந்தார். எந்த ஆஸ்பத்திரியும் சொல்லி அல்ல, அவராகவே.

பணம். மொத்தம் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் சொச்சம். முன்பணம் ஐம்பதாயிரத்தை மகளிர் குழு அக்கா ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக ஜி.பே. செய்தார், மீதிக்கு என் சங்கிலியும் வளையலும் அடகுக்குப் போயின. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அத்தை தனி ரேஷன் கார்டு வைத்திருப்பவர், பீடிக் கூலி தவிர வருமானம் இல்லை. காப்பீட்டு கார்டு வாங்கியிருந்தால் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். ஆள் நடமாட்டமாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். போகும் ஆஸ்பத்திரியில், உங்களுக்கான ஆபரேஷனுக்கு அந்தக் கார்டு செல்லுமா என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

இப்போது அத்தை தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை போடுகிறார். அது ஆயுளுக்கும் தொடரும். மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் அரை மணி நேரம் இருக்க வேண்டும் என்பதில்தான் எங்கள் வீட்டில் தினசரிச் சண்டை. கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்துப் போடக் கூடாது, நாலு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். பேர்ணாம்பட்டில் என் சின்ன மாமியாருக்கும் இதே மாதிரி கட்டி, இருபது வருஷமாக. சாயங்காலத்தில் மட்டும் மூச்சு வாங்குகிறதாம். போன வாரம் போனில், இரண்டு கையையும் தூக்கி நிற்கச் சொன்னேன். ஒரு நிமிஷம் ஆவதற்குள் இறக்கிவிட்டார். ஆடி கழியட்டும் பார்க்கலாம் என்கிறார். திங்கட்கிழமை சர்ஜரி ஓ.பி.க்கு டோக்கன் போட்டாயிற்று, ஆட்டோவும் சொல்லிவிட்டேன்.